அடியில் அட்டை வைத்த பரிசுப் பெட்டிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளியை ஒட்டித் தங்கள் நாளிதழின் கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில், உறவினருக்கும் நண்பர்களுக்கும் கொடுப்பதற்காகக் கடைகளில் விற்கப்படும் ஆயத்தப் பரிசுப் பெட்டிகளைப் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. ஒரே கருப்பொருளில் பல பொருள்களை அடுக்கிக் கொடுக்கும் ‘தீம் ஹாம்பர்’ என்னும் வழக்கம் நம் ஊர்களுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது போல அச்செய்தி எழுதப்பட்டிருந்ததும், அப்படி ஒரு பெட்டியை வீட்டிலேயே செய்துவிட முடியும் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இடம் இல்லாமற் போனதும் இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டின. அஞ்சல் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, அதில் பெரும்பகுதியைப் பார்சல் கவுண்டரில் கழித்து ஓய்வுபெற்றவள் நான். பிறர் அனுப்பும் பெட்டிகளை எடை போட்டுப் போட்டே, பெட்டிக்குள் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதைக் கற்றுக்கொண்டேன். பணி ஓய்வுக்குப் பிறகு, நெருங்கியவர்களுக்கு நானே பெட்டி கட்டிக் கொடுப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு அன்பளிப்பாக வந்த ஒரு கடைப் பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தூக்கவே இரண்டு கை தேவைப்பட்ட அந்தப் பெட்டியைத் திறந்தால், பாதி உயரத்துக்கு அடியில் அட்டையை மடித்துப் பொய்த்தளம் அமைத்து, அதன் மேல் வண்ணத் தாளைக் கீற்றுக் கீற்றாக நறுக்கிப் பரப்பி, அந்தக் கீற்றுகளின் மேல் நான்கே நான்கு பொருள்களை வைத்திருந்தார்கள். வீட்டில் இருக்கும் இருவருமே சர்க்கரை நோயாளிகள். நான்கில் மூன்று இனிப்பு. நான்காவது வாசனை மெழுகுவத்தி. அனுப்பியவரின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பெட்டியை எங்கள் வீட்டுக்குப் பதிலாக அடுத்த தெருவில் கொடுத்திருந்தாலும் எந்த வேறுபாடும் இருந்திருக்காது என்பதுதான் என் குறை.

கருப்பொருளோடு பொருள்களைச் சேர்த்துக் கொடுப்பது நமக்குப் புதியதன்று. வளைகாப்புத் தட்டில் வளையலும் சந்தனமும் கட்டுச்சோறும் சேர்வதற்கும், மகளின் முதல் பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுப்பானையும் கரும்பும் மஞ்சள் கொத்தும் அரிசியும் வெல்லமும் போவதற்கும், கொலுவுக்கு வந்து போகிறவர் கையில் வெற்றிலை பாக்கோடு சீப்போ கண்ணாடியோ சேர்ப்பதற்கும் காரணம் ஒன்றே: வாங்குகிறவர் அன்றைக்கு என்ன நிலையில் இருக்கிறார் என்பதை எண்ணி வைத்த பொருள்கள் அவை. பொங்கல் சீரில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் அந்தப் பொங்கலன்று அடுப்படியில் இறங்கிவிடும். அலமாரிக்குப் போகும் பொருள் என்று அதில் ஒன்றும் இல்லை. இன்று சீர்வரிசைத் தட்டுகளை ஐம்பத்தொன்று, நூற்றொன்று என்று எண்ணிக் காட்டுவதற்காகப் பழத்தைத் தேராகவும் சாக்லேட்டை மயிலாகவும் அடுக்குகிறார்களே, அதையும் மேற்சொன்ன பொய்த்தளத்தின் இன்னொரு வடிவமாகத்தான் நான் பார்க்கிறேன்.

ஆகவே நான் பெட்டி கட்டும்போது வைத்திருக்கும் விதி ஒன்றுதான். பொருளைத் தேடுவதற்கு முன், பெறுபவர் அதைத் திறக்கப்போகும் வீடும், அவருடைய ஒரு நாளும் என் கண்முன் வர வேண்டும். அந்த நாளில் எந்த இடத்தில் இது பயன்படும் என்று சொல்ல முடியாத பொருளை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், எடுத்து வெளியே வைத்துவிடுவேன்.

2024ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், தென்பெண்ணைக் கரையில் நாணமேட்டுப் பக்கம் வீடு கட்டிக் குடிபோன என் தங்கை மகளின் புதுமனைப் புகுவிழாவுக்கு நான் கொண்டுபோனது ஒரு ‘புயல் பெட்டி’. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததையும், பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்ததையும், அதன்பின் பல நாள் மின்சாரம் இல்லாமல் மெழுகுவத்திக்கும் குடிநீருக்கும் அலைந்ததையும் அனுபவித்தவர்களுக்கு இப்பெட்டியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. மூடி இறுகப் பொருந்தும் பெரிய எவர்சில்வர் சம்படம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அட்டைப் பெட்டி ஈரத்தில் நின்றால் கூழாகிவிடும் என்பது மட்டுமன்று, தண்ணீர் வடிந்த பிறகு சம்படத்தில் அரிசியைக் கொட்டி வைத்துக்கொள்ளலாம். உள்ளே ஒரு டார்ச். பேட்டரிகளை அதற்குள் போடாமல் தனியே தாளில் சுற்றி வைத்தேன், ஏனெனில் பயன்படுத்தாத டார்ச்சுக்குள் கிடக்கும் பேட்டரி கசிந்து டார்ச்சையே கெடுத்துவிடும். தடித்த மெழுகுவத்திகள், திருகுமூடிக் கண்ணாடிக் குப்பிக்குள் இரண்டு தீப்பெட்டிகள், அடுப்பு இல்லாமலே சாப்பிடக்கூடிய அவல், பொட்டுக்கடலை, வெல்லம், வயிற்றுப்போக்குக்கு உதவும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரின் மாத்திரைகள், பத்து முழம் நைலான் கயிறு, ஒரு விசில், குடும்ப அட்டையையும் வீட்டுப் பத்திரத்தின் நகலையும் போட்டு வைக்க நீர் புகாத உறை. மூடியின் உட்புறம் ஒட்டிய அட்டையில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, ஆம்புலன்சுக்கான 108 ஆகிய எண்களைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். இருட்டில் படிக்க வேண்டிய எழுத்து அல்லவா!

விழாவுக்கு வந்திருந்தவர்கள் கொடுத்தவற்றில் சுவர்க் கடிகாரம் மட்டும் ஐந்து. என் பெட்டியைத் திறந்து பார்த்த தங்கைக்கு முகம் வாடிவிட்டது. “நல்ல நாளும் அதுவுமாகக் கயிறும் மெழுகுவத்தியுமா, அக்கா, கொண்டு வருவது?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அடுப்படியிலிருந்து ஒரு மஞ்சள் கிழங்கும் கொஞ்சம் குங்குமமும் ஒரு ரூபாய் நாணயமும் எடுத்து மேலே வைத்தேன். பெட்டி சீராகிவிட்டது, தங்கையும் சமாதானமானாள். அதே ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், டிசம்பர் முதல் வாரத்தில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருகிக் கரையோர ஊர்களுக்குள் புகுந்ததும் தங்கள் பக்கங்களில் விரிவாக வந்தவையே. மின்சாரம் திரும்பிக் கைப்பேசியில் உயிர் வந்ததும் தங்கை மகள் என்னை அழைத்து, “பெரியம்மா, டார்ச்சைவிட அந்த விசில்தான் உதவியது, மாடியிலிருந்து ஊதித்தான் படகுக்காரர்களைக் கூப்பிட்டோம்” என்றாள். கடிகாரங்கள் ஐந்தும் நனைந்து போயின என்று தங்கை பிறகு தனியே சொன்னாள்.

இப்பெட்டியை நான் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன் என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். தீப்பெட்டி, பட்டாசு, வாசனைத் திரவியம் போன்று தீப்பற்றக்கூடிய எதையும் அஞ்சலில் அனுப்பக் கூடாது. இது தெரியாமல் கார்த்திகைக்குக் கம்பி மத்தாப்பைச் சட்டைத் துணிக்குள் மடித்து வைத்துக்கொண்டு வந்து, நான் திருப்பி அனுப்பியதற்காக என்னோடு வாக்குவாதம் செய்தவர்கள் உண்டு.

அஞ்சலில் போகும் பெட்டிக்கு வேறு இலக்கணம். கவுண்டருக்கு வரும் பார்சலைக் கையில் எடுத்து லேசாகக் குலுக்கிப் பார்ப்போம். உள்ளே எதுவும் அசையும் ஓசை கேட்டால், போய்ச் சேருவதற்குள் அது உடைந்துவிடும் என்று தெரிந்துகொள்ளலாம். கனமான பொருள் அடியிலும் இலேசானது மேலேயும், இடைவெளிகளில் கசக்கிய தாளோ பழைய பருத்திப் புடவைத் துண்டோ அழுந்த அடைபட்டும் இருக்க வேண்டும். ஊறுகாயை இரண்டு உறைக்குள் கட்டினாலும் எண்ணெய் கசிந்து பக்கத்துப் பையில் இருக்கும் கடிதங்களை நனைத்ததைக் கண்ணால் பார்த்திருப்பதால், திரவமோ எண்ணெய்ப் பதமோ உள்ள எதையும் நான் அஞ்சல் பெட்டியில் வைப்பதில்லை. வெளியே ஒட்டிய முகவரி மழையில் கரைந்துபோகலாம் என்பதால், அதே முகவரியையும் உள்ளே இருக்கும் பொருள்களின் பட்டியலையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளும் போட்டுவிட வேண்டும். பார்சலைத் துணியில் வைத்துத் தைத்து அரக்கு முத்திரையிட்டு அனுப்பிய காலத்திலும் இந்த ஒரு காகிதம்தான் வழிதவறிய பல பெட்டிகளை வீடு சேர்த்தது.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் நாத்தனாரின் மகன் பாரிஸ் நகருக்கு அருகில் வசிக்கிறான். புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் ஒரு கிளை உண்டு என்பதால், தங்கள் வாசகர் பலருக்கு இது பயன்படலாம். நாத்தனார் அவனுக்கு நெய் மைசூர்பாகும் பால்கோவாவும் அனுப்ப ஆசைப்பட்டார். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு வெளியிலிருந்து தனிப்பட்ட பார்சல்களில் வரும் பால் பொருள்களையும் இறைச்சிப் பொருள்களையும் அங்கே அனுமதிப்பதில்லை என்று எடுத்துச் சொல்லி, இனிப்பை விட்டுவிட்டு, ‘முத்தியால்பேட்டை அடுக்களை’ என்று ஒரு பெட்டி செய்தோம். அதன் நடுநாயகம் தாளிப்பு வடகம். சின்ன வெங்காயமும் பூண்டும் நறுக்கி, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு, எண்ணெய் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, சித்திரை வெயிலில் பகலில் உலர்த்தி இரவில் மீண்டும் பிசைந்து, நாள்கணக்கில் காய வைத்த அந்தக் கறுத்த உருண்டை, ஈரம் அறவே போனதால் ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை. மணம்தான் பெட்டியை மீறிக்கொண்டு வரும். ஆகவே அதை மட்டும் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, குப்பிக்கு மேல் இரண்டு உறை போட்டோம். கூடவே பண்ருட்டி முந்திரி, சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், நாத்தனார் கையால் எழுதிய வற்றல் குழம்புக் குறிப்பு. நெய்யில்லாத குறையை நாத்தனார் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அவன் அந்த வடகத்தை வறுத்தபோது வந்த பிரெஞ்சு நண்பர், “இது எங்கள் கடைகளில் ‘வடுவான்’ என்ற பெயரில் கிடைக்கிறதே” என்றாராம். பிரெஞ்சுச் சமையற்காரர்கள் கறிமசாலாவாகப் பயன்படுத்தும் வடுவான், புதுச்சேரி வழியாகப் போன நம் வடகம்தான் என்பது அவனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் தவறு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். உடன் பணியாற்றிய தோழியின் அறுபதாம் பிறந்த நாளுக்குக் ‘கோடைக் குளிர்ச்சி’ என்று ஒரு பெட்டி கட்டினேன். கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு போன்ற கடலோர மணற்பாங்கான ஊர்களில் விளையும் வெட்டிவேர், பானைத் தண்ணீரில் போட நன்னாரி வேர், பனையோலை விசிறி, வெட்டிவேர் சோப்பு என்று பொருத்தமாகவே சேர்ந்துகொண்டு வந்தது. இடம் மீதி இருக்கிறதே என்று கடைசி நேரத்தில் வீட்டில் சுட்ட தட்டையையும் ஒரு டப்பாவில் போட்டு நடுவில் செருகினேன். மூன்று நாள் கழித்துத் தோழி அழைத்து, தட்டை முழுதும் சோப்பு மணக்கிறது என்று சிரித்தாள். மணப்பொருளும் தின்பண்டமும் ஒரே பெட்டிக்குள் போகக் கூடாது என்பது ஒன்று. இடம் மீதி இருப்பது பொருள் சேர்ப்பதற்குக் காரணமாகாது என்பது மற்றொன்று. இடம் மிஞ்சினால் சிறிய பெட்டியாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தின்பண்டம் வைப்பவர்கள் நம் கடற்காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். தீபாவளி நமக்கு வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில் வருகிறது. முறுக்கும் தட்டையும் ஈரக் காற்றுப் பட்ட சில மணி நேரத்தில் நமத்துவிடும். சூடு முற்றும் ஆறாமல் டப்பாவில் போட்டால், ஆவி மூடியில் நீர் கோத்து உள்ளே சொட்டும். தேங்காய் சேர்த்தது ஓரிரு நாள்தான் தாங்கும். எண்ணெய்ப் பலகாரம் காற்றும் வெளிச்சமும் பட்டுச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். கடைகளில் உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கும் எந்த நாளுக்குள் உண்ண வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதி. வீட்டிலிருந்து கொடுப்பவரை அவ்விதி கட்டாவிட்டாலும், செய்த நாளையும் தீர்க்க வேண்டிய நாளையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுவதில் என்ன குறைந்துவிடப் போகிறது? மேலும், பலகாரத்தைச் செய்தித்தாளில் சுற்றாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அச்சு மை உணவில் கலந்து உடலுக்குத் தீங்கு செய்யும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. இதை ஒரு செய்தித்தாளுக்கே எழுதுவதற்கு ஆசிரியர் பொறுத்தருள வேண்டும். தங்கள் இதழைப் படித்து முடித்த பிறகு பீங்கானுக்கும் மண்பொம்மைக்கும் இடையில் கசக்கி அடைக்கத் தாராளமாகப் பயன்படுத்துகிறேன்.

மண்பொம்மை என்றதும் நினைவுக்கு வருகிறது. கடலூர் வண்டிப்பாளையத்தில் செய்யும் கொலு பொம்மைகளும், புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் சிற்பங்களும் திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மைகளும் நமக்குப் பேருந்து தூரத்தில்தான் இருக்கின்றன. வெளியூர்க் குழந்தைகளுக்கு அனுப்பும் பெட்டியில் இவற்றில் ஒன்றை நடுவில் வைத்தால் வேறு அலங்காரம் வேண்டியதில்லை. பொம்மைக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே எல்லாப் பக்கமும் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு, வெயிலில் நன்றாகக் காய்ந்த வைக்கோலை அடைத்தால் போதும். வெளிநாட்டுப் பெட்டிக்கு மட்டும் வைக்கோலுக்குப் பதில் துணி. குழந்தைகளுக்குப் பல்லாங்குழி வைப்பவர்கள், ஆடுகாயாகச் சோழியோ புளியங்கொட்டையோ வைக்கட்டும். பார்க்க அழகாக இருக்கிறது என்று குன்றிமணி வைப்பதைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். அதைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

மேலுறைக்கும் இதே கருத்துப் பொருந்தும். இனிப்புப் பெட்டிகளின் மேல் சுற்றும் பிளாஸ்டிக் தாளும் அலங்காரத்துக்கான தெர்மகோலும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்களின் பட்டியலில் உள்ளவை. ஆனால் தங்கள் செய்தியோடு வந்த புகைப்படத்தில் பெட்டிகள் அனைத்தும் அந்தத் தாளுக்குள்தான் பளபளத்தன. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கைத்தறித் துண்டு ஒன்றை விரித்து, பெட்டியை நடுவில் வைத்து, நான்கு முனைகளையும் சேர்த்து முடிச்சிட்டால் உறையே ஒரு பரிசாகிவிடும். தாள்தான் வேண்டும் என்பவர்களுக்குப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கையால் செய்த காகிதம் இருக்கிறது. ஒரு தாளில் ஒரு சிறு பெட்டியைச் சுற்றி, மீதித் துண்டில் வாழ்த்தும் எழுதலாம்.

இத்தனையும் எளிதாகக் கிடைக்கும் ஊரில் எனக்குக் கிடைக்காத ஒன்று வெறும் பெட்டி. மூடியோடு கூடிய பனையோலைப் பெட்டிக்காக நான் ஏறி இறங்காத கடையில்லை. ஒன்று, பலகாரம் நிரப்பி ஒட்டிய பெட்டியாக விற்கிறார்கள். இல்லையென்றால், திருமண வீட்டுக்காரர்களுக்கென்று நூறு பெட்டிக்குக் குறையாமல்தான் தருவோம் என்கிறார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்களின் விற்பனை நிலையங்களில், கடலூரிலும் சரி, புதுச்சேரியிலும் சரி, மூன்று அளவுகளில் வெற்றுப் பெட்டிகளை ஒன்றிரண்டாக விற்றாலே வீட்டில் பெட்டி கட்ட நினைக்கும் பலருக்கு வழி பிறக்கும். பெட்டி முடைபவர்களுக்கும் திருமண மாதங்கள் அல்லாத காலத்தில் வேலை இருக்கும். வண்டிப்பாளையம், வில்லியனூர், திருக்கனூர்க் கைவினைஞர்களிடம் நேரடியாக எங்கே, எந்த நாள்களில் வாங்கலாம் என்ற விவரத்தை நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்பாகத் தங்கள் நாளிதழ் வெளியிடுமானால், ஹாம்பர் விளம்பரங்களுக்கு நடுவே அதற்கும் கால் பத்தி இடம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

திருச்சியில் கல்லூரி விடுதியில் இருக்கும் பேத்திக்குப் பொங்கலுக்கு அனுப்ப வேண்டிய பெட்டி என் மேசையில் பாதியில் நிற்கிறது. விடுதியில் அடுப்பு இல்லை. ஆகவே பொங்கல் பானை இல்லை. ஒரு சாண் கரும்புத் துண்டுகள், எள்ளுருண்டை, வாசலில் போடக் கோலமாவு, அதைத் தோழிகளோடு சேர்ந்து போட நான்கு புள்ளிக் கோலங்கள் வரைந்த தாள். ஓலைப்பெட்டி கிடைக்காவிட்டால், அந்தப் பழைய ஹாம்பர் பெட்டியின் பொய்த்தளத்தைப் பிய்த்துவிட்டு அதிலேயே அடைத்து அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.